ஜேசீஸ்: தன் உறுப்பினரைத் தானே தேர்ந்தெடுக்க ஒரு சங்கத்துக்கு உரிமை இல்லையா?

2024 ஜனவரி 6: ஒரு வாசகரின் கேள்வி

எங்கள் ஊரில் சென்ற வாரம் ஜேசீஸ் என்னும் இளையோர் அமைப்பின் பதவி ஏற்பு விழா நடந்தது. என் தங்கையையும் சேரச் சொல்லிக் கேட்கிறார்கள். விழாவில் பேசிய ஒருவர், அமெரிக்காவில் இந்த இயக்கம் பல பத்தாண்டுகளாகப் பெண்களை முழு உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது என்றும், 1984இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே நிலைமை மாறியது என்றும் சொன்னார். எனக்கு இரண்டு ஐயங்கள். வணிகர்கள் கூடிப் பேசிச் சாப்பிட்டுக் கலையும் ஒரு மன்றத்துக்குச் சொல்லத் தகுந்த வரலாறு உண்டா? உண்டு என்றே வைத்துக்கொண்டாலும், யாரைச் சேர்ப்பது என்று ஒரு தனியார் சங்கம் முடிவு செய்வதில் நீதிமன்றத்துக்கு என்ன வேலை?

ஜனவரி 7

முதல் ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வரலாறு உண்டு, அது ஒரு நடனக் கழகத்திலிருந்து தொடங்குகிறது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வங்கியில் வேலை பார்த்த ஹென்றி கீசன்பியர் என்ற இளைஞர், 1910இல் ஹெர்குலேனியம் நடனக் கழகம் என்ற ஒன்றை நண்பர்களுடன் நிறுவினார். புதிது புதிதாக வந்துகொண்டிருந்த ஆட்டங்களுக்கு நடுவே பழைய நடன முறைகளைப் போற்றிக் காப்பது அதன் நோக்கம். 1914இல் அத்தகைய கழகங்கள் சில சேர்ந்து ஒரு கூட்டமைப்பாயின. கூடிக் களிப்பதோடு நின்றுவிடாமல் ஊருக்கும் ஏதாவது செய்யலாமே என்று கர்னல் மோர்கன் என்ற அந்நகரப் பெரியவர் தூண்ட, 1915 அக்டோபர் 13 அன்று முப்பத்திரண்டு இளைஞர்கள் ஒன்றுகூடி ‘இளைஞர் முற்போக்குக் குடிமைச் சங்கம்’ என்று பொருள்படும் பெயரில் புதிய அமைப்பைத் தொடங்கினார்கள். ஐந்து மாதம் முடிவதற்குள் உறுப்பினர் எண்ணிக்கை 750ஐத் தொட்டது. ஊர்க் காரியங்களில் வாய் திறக்க இடமில்லாமல் காத்திருந்த இளைஞர்கள் எத்தனை பேர் என்பதை அந்த வேகமே காட்டுகிறது.

அடுத்த ஆண்டே பெயர் ‘இளங்குடிமக்கள்’ (ஜூனியர் சிட்டிசன்ஸ்) என்று மாறியது. அந்த ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தாம் இன்று நாம் ஜேசீஸ் என்று சொல்வது. 1918இல்தான் அந்நகர வணிகர் சபையோடு இணைந்து ‘இளையோர் வணிகர் சபை’ ஆனார்கள். ஆகவே வணிகம் இந்தக் கதையில் மூன்றாவதாக வந்து சேர்ந்தது. குடிமை அதற்கு முன்பே இருந்தது. 1920 ஜனவரியில் பல நகரங்களின் பிரதிநிதிகள் செயின்ட் லூயிஸில் கூடித் தேசிய அமைப்புக்கு அடித்தளம் இட்டார்கள்; அதே ஆண்டு ஜூனில் நடந்த முதல் மாநாட்டில் கீசன்பியரே முதல் தேசியத் தலைவரானார். அப்போது அவர் முப்பதைத் தொடவில்லை. 1935இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்துவிட்டார்.

ஜனவரி 7, இரவு

மேலே விட்டுப்போனது. இயக்கம் பன்னாட்டு அமைப்பாக உருவான தேதி 1944 டிசம்பர் 11. மெக்சிகோ நகரில் அமெரிக்கா, மெக்சிகோ, கோஸ்டாரிகா, குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகராகுவா, பனாமா ஆகிய எட்டு நாடுகள் கூடிப் பன்னாட்டு அமைப்பைத் தொடங்கின. இரண்டாம் உலகப் போர் முடியாத நேரம் அது. முதல் தலைவர் மெக்சிகோவைச் சேர்ந்த ராவுல் கார்சியா விடால். இந்தியாவுக்கு 1949இல் வந்தது. கூட்டம் தொடங்கும்போது எழுந்து நின்று சொல்லும் நம்பிக்கை வாசகத்தை 1946இல் எழுதியவர் வில்லியம் பிரவுன்ஃபீல்டு என்ற அமெரிக்க உறுப்பினர். மனித குலத்துக்குச் செய்யும் தொண்டே வாழ்வின் தலைசிறந்த பணி என்று அது முடியும்.

ஜனவரி 10

‘கூடிப் பேசிச் சாப்பிட்டுக் கலையும் மன்றம்’ என்ற வாசகம் என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. சால்வையும் பொன்னாடையும் நினைவுப் பரிசும்தான் நாளிதழ்ப் படங்களில் வருகின்றன. உள்ளே இருந்து பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்த அமைப்பின் உயிர் இரண்டு விதிகளில் இருக்கிறது. ஒன்று வயது: பதினெட்டு முதல் நாற்பது வரை. மற்றொன்று காலம்: தலைவர் பதவி ஒரே ஆண்டு. டிசம்பர் முடிந்தால் எவ்வளவு சிறந்த தலைவரானாலும் கழுத்துப் பட்டயத்தைக் கழற்றி அடுத்தவருக்குப் போட்டுவிட்டு, ‘உடனடி முன்னாள் தலைவர்’ என்ற பெயரோடு பக்கத்து நாற்காலிக்குப் போய்விட வேண்டும். தேசியத் தலைவருக்கும் இதே விதி. நம் ஊர்ச் சங்கங்களில் ஒரே மனிதர் இருபது ஆண்டுகள் செயலாளராக இருப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை புரியும். ஒவ்வோர் ஆண்டும் நாற்காலி காலியாகிறது என்றால், ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒருவர் கூட்டம் நடத்தவும், கணக்குக் காட்டவும், மறுப்பவரிடம் பேசி இணங்க வைக்கவும் கற்றே ஆக வேண்டும்.

எங்கள் ஊர் ஈரோட்டுப் பக்கத்துச் சிறுநகரம். நூல் கடைகளும் அச்சகங்களும் நிறைந்த கடைவீதி. அங்கே ஒரு மெடிக்கல் ஷாப் உரிமையாளர் இருந்தார். கடையில் நாள் முழுவதும் பேசுவார், மேடையில் நின்றால் கை நடுங்கும். அவருக்கு முதலில் தந்த பொறுப்பு விருந்தினரை அறிமுகம் செய்வது, அதுவும் இரண்டு நிமிடம். எழுதி வைத்த தாளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு படித்தார். அடுத்த ஆண்டு பொருளாளர். அதற்கடுத்த ஆண்டு பள்ளி மாணவர்களுக்கான பேச்சுப் போட்டியின் திட்ட இயக்குநர். தலைவரான ஆண்டில் அரசு மருத்துவமனை வாசலில் நிழற்குடை வேண்டும் என்று ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கி மனுக் கொடுத்து வாதாடினார். அந்த நிழற்குடை இன்றும் நிற்கிறது. இந்த ஏணியைத்தான் நான் ஜேசீஸ் என்று எண்ணுகிறேன்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், இரண்டாவது ஐயத்துக்கான விடை இதற்குள் இருக்கிறது. ஒரு சங்கம் தருவது வெறும் சாப்பாடும் பேச்சும்தான் என்றால் அங்கே யாரைச் சேர்க்கவில்லை என்பது பெரிய விஷயமே இல்லை. அது தருவது தலைமைப் பயிற்சி என்றால், யாரைச் சேர்க்கவில்லை என்பதுதான் பெரிய விஷயம்.

ஜனவரி 13

விழாவில் பேசியவர் சொன்ன 1984 தீர்ப்பு, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் எழுந்த வழக்கில் வந்தது. அந்த வழக்கைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இது நீதிமன்றம் வெளியிலிருந்து வந்து மூக்கை நுழைத்த கதை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதைத் தொடங்கியவர்கள் ஜேசீஸ் உறுப்பினர்களே.

அமெரிக்கத் தேசிய அமைப்பின் அன்றைய விதிப்படி பதினெட்டு முதல் முப்பத்தைந்து வயது வரையிலான ஆண்களே முழு உறுப்பினர்கள். பெண்களும், வயது கடந்த ஆண்களும் ‘இணை உறுப்பினர்’ ஆகலாம். இணை உறுப்பினர் சந்தா கட்டுவார், முகாமில் வேலை செய்வார், பெரும்பாலான பயிற்சிகளில் உட்காருவார். ஆனால் வாக்களிக்க முடியாது, பதவிக்கு நிற்க முடியாது, சில தலைமைப் பயிற்சிகளிலும் விருதுகளிலும் பங்கேற்க முடியாது. 1981 ஆகஸ்டில், வழக்கு விசாரணையின்போது, சுமார் 2,95,000 உறுப்பினர்களும் 7,400 கிளைகளும் இருந்தன. பெண்கள் மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு பேர் என்று அமைப்பின் அதிகாரியே மதிப்பிட்டார்.

1974இலும் 1975இலும் மினியாப்பொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களின் கிளைகள் பெண்களை முழு உறுப்பினர்களாகச் சேர்க்கத் தொடங்கின. சில ஆண்டுகளில் அந்தக் கிளைகளில் பெண்களின் பங்கு கணிசமாக உயர்ந்தது. நிர்வாகக் குழுக்களிலும் அவர்கள் இடம்பெற்றார்கள். டல்சா நகரிலிருந்த தலைமையகம் பொறுக்கவில்லை. அந்த இரண்டு கிளைகளின் உறுப்பினர்கள் மாநில, தேசியப் பதவிகளுக்கு நிற்கத் தகுதியற்றவர்கள் என்றது. விருதுகளுக்குத் தகுதியற்றவர்கள் என்றது. தேசிய மாநாட்டில் வாக்குகளைக் கணக்கிடும்போது அவர்களுடைய உறுப்பினர் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ள மறுத்தது. 1978 டிசம்பரில், கிளையாக இயங்க அனுமதிக்கும் உங்கள் சாசனத்தையே திரும்பப் பெறும் தீர்மானம் வரவிருக்கிறது என்று இரு கிளைகளுக்கும் அறிவிப்பு வந்தது.

உடனே அந்த இரண்டு கிளைகளும் மாநில மனித உரிமைத் துறையிடம் முறையிட்டன. பொதுமக்களுக்குச் சேவையோ பொருளோ வழங்கும் எந்த இடத்திலும் பால் அடிப்படையில் ஒருவரை விலக்கக் கூடாது என்று மின்னசோட்டா மனித உரிமைச் சட்டம் சொல்கிறது. எங்கள் தேசிய அமைப்பு எங்களை அந்தச் சட்டத்தை மீறச் சொல்கிறது என்பது அவர்கள் வாதம்.

நான் இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். ஊரில் ஒரு குறை இருந்தால் அதை எழுத்தில் வை, சட்டத்தைப் படி, உரிய அதிகாரியிடம் போ, பின்வாங்காதே என்று அறுபது ஆண்டுகளாகத் தன் உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அமைப்பு அது. அந்தப் பாடத்தை முழுமையாகக் கற்ற இரண்டு கிளைகள், குறை தங்கள் தலைமையகத்திலேயே இருக்கக் கண்டபோது அதே வழியில் நடந்தன. ஜேசீஸ் உருவாக்கிய மிகச் சிறந்த மாணவர்கள் யார் என்று என்னைக் கேட்டால், புகழ்பெற்ற பெயர்கள் எதையும் சொல்லமாட்டேன். அந்த இரட்டை நகரக் கிளைகளைத்தான் சொல்வேன்.

ஜனவரி 14

தீர்ப்பு. மாநில உச்ச நீதிமன்றம் 1981இல், ஜேசீஸ் அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் அமைப்புதான் என்றது. கூட்டரசின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983இல் அதற்கு மாறாக, சங்கம் சேரும் உரிமையே மேலானது என்று தலைமையகத்தின் பக்கம் சாய்ந்தது. 1984 ஜூலை 3 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. நீதிபதிகள் இருவர் வழக்கில் பங்கேற்கவில்லை. பங்கேற்ற ஏழு பேரில் ஒருவர்கூட முடிவை எதிர்க்கவில்லை. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வில்லியம் பிரென்னன்.

கேள்வி கேட்டவர் நினைப்பது போல, சங்கம் தன் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிரென்னன் மறுத்துவிடவில்லை. அதை இரண்டாகப் பிரித்தார். குடும்பம் போன்ற நெருங்கிய உறவுகளில் யாரோடு வாழ்வது என்பதில் அரசு தலையிடக் கூடாது என்பது ஒன்று. ஒரு கருத்தைச் சொல்வதற்காகக் கூடுபவர்கள் அந்தக் கருத்தைக் குலைப்பவரைச் சேர்க்க வேண்டியதில்லை என்பது மற்றொன்று. முதல் வகைக்குள் ஜேசீஸ் வராது: கிளைகள் பெரியவை, வயதும் பாலும் தவிர வேறெதையும் பார்க்காமல் வந்தவரையெல்லாம் சேர்க்கிறார்கள், முன்பின் தெரியாதவர்களும் கூட்டங்களில் பங்கேற்கிறார்கள். இரண்டாம் வகையில் சற்று இடம் உண்டு, ஏனென்றால் ஜேசீஸ் பொது விவகாரங்களில் கருத்துச் சொல்லும் அமைப்பு. ஆனால் பெண்கள் வாக்களித்தால் அந்தக் கருத்துகள் எப்படிக் குலையும் என்பதை அவர்களால் காட்ட முடியவில்லை. பெண்கள் வேறுவிதமாக வாக்களிப்பார்கள் என்ற பொதுப்படையான எண்ணத்தை ஆதாரமாக ஏற்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறொன்று. தலைமைத் திறனும் தொழில் தொடர்புகளும் வேலை உயர்வும் கடையில் வாங்கும் பொருள்களைப் போலவே மதிப்புடையவை, அவற்றையும் ஒருவருக்குப் பால் காரணமாக மறுக்கக் கூடாது என்ற நிலைப்பாட்டை நீதிமன்றம் ஏற்றது. தலைமைத் திறனை இப்படிக் கையில் கொடுக்கவோ மறுக்கவோ கூடிய ஒன்றாக ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் பார்த்தது என்பதே இந்த இயக்கத்துக்குக் கிடைத்த பெரிய மதிப்பீடு. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே தேசிய அமைப்பு விதியைத் திருத்திப் பெண்களை முழு உறுப்பினர்களாக ஏற்றது.

ஜனவரி 18

‘பெண்களை விரட்டிவிடவில்லையே, இணை உறுப்பினராக வைத்திருந்தார்களே, பயிற்சியும் தந்தார்களே, வாக்கு ஒன்று இல்லாததால் என்ன குறைந்துவிட்டது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பொங்கல் வேலைகளுக்கு நடுவிலும் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த வாதத்தையே நீதிமன்றம் திருப்பிக் கேட்டது. பெண்களை எல்லா வேலைகளுக்கும் அழைத்துக்கொண்டு, வாக்களிக்க மட்டும் வராதே என்பதால் அமைப்பின் எந்தக் கொள்கை காப்பாற்றப்படுகிறது? பந்திக்குச் சமைக்கக் கூப்பிட்டவரை இலை முன்னால் உட்காரக் கூடாது என்பது போன்றது அது.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் இந்த இயக்கத்துக்குள் ஜேசிரெட்டாகத்தான் வந்தேன். உறுப்பினர்களின் மனைவியருக்கான பிரிவுக்கு அந்நாளில் அந்தப் பெயர். கோலப் போட்டி, சமையல் போட்டி, கண் சிகிச்சை முகாமில் வரும் பாட்டிகளின் பெயர் எழுதுவது ஆகியவை எங்கள் பொறுப்பு. எல்லாரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள், மனத்தாங்கல் எதுவும் இல்லை. அந்த வேலைகளையும் நான் தாழ்வாக நினைக்கவில்லை. ஐம்பது பாட்டிகளை வரிசையில் நிற்கவைத்துச் சண்டை வராமல் பெயர் எழுதுவது எளிய காரியமன்று.

ஆனால் பின்னாளில் முழு உறுப்பினராகிச் செயலாளர் பொறுப்பு ஏற்றபோதுதான் வேறுபாடு தெரிந்தது. முகாமை எந்த ஞாயிற்றுக்கிழமை வைப்பது, எந்த மருத்துவமனையைக் கேட்பது, பணம் போதாவிட்டால் எதைக் கைவிடுவது என்ற முடிவுகள் என் முன்னால் வந்தன. ஒருமுறை சாமியானாவா நோயாளிகளை அழைத்து வர வேனா, இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்ற நிலை. வேன் என்று சொன்னேன். பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலேயே முகாமை நடத்தினோம். கூட்டத்தில் அதை எதிர்த்தவர்களுக்குப் பதில் சொல்லி, வாக்கெடுப்பில் வென்று, முகாம் முடிந்ததும் கணக்கையும் நானே படித்தேன். பெயர் எழுதிய ஆண்டுகளில் கற்காத ஒன்றை அந்த ஒரு மாதத்தில் கற்றேன். பயிற்சி வகுப்பில் உட்காருவது மட்டும் தலைமைப் பயிற்சி ஆகாது. தவறாகிவிடக் கூடிய ஒரு முடிவைத் தானே எடுத்து, அதற்குப் பதில் சொல்லும் நிலையில் நிற்பதும் அதற்குள் அடங்கும். வாக்கும் பதவியும் இல்லாதவருக்கு அந்தப் பாதி கிடைக்காது.

ஜனவரி 21

அதே வழக்கில் நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் தனியாக எழுதிய கருத்தும் படிக்கத் தகுந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி அவர். முடிவில் உடன்பட்டார், வழி வேறு. ஜேசீஸ் முதன்மையாக ஒரு வணிக நடவடிக்கை என்பது அவர் பார்வை. அமைப்பின் சொந்த ஆவணங்களே உறுப்பினர்களை வாடிக்கையாளர் என்றும் உறுப்பினர் தகுதியை விற்பனைப் பொருள் என்றும் குறிப்பிடுவதை எடுத்துக் காட்டினார். தேசிய நிர்வாகிகளின் நேரத்தில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் ஆள் சேர்ப்பதிலேயே செல்கிறது என்றும், சாதனை விருதுகளில் பாதிக்கு மேற்பட்டவை ஆள் சேர்ப்போடு ஏதோ ஒரு வகையில் பிணைக்கப்பட்டவை என்றும் சுட்டினார்.

இதை முதலில் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. கேள்வி கேட்டவரின் ‘வணிகர் மன்றம்’ என்ற வாதத்துக்கு நீதிபதியே சான்று தருகிறாரே என்று தோன்றியது. பிறகு எங்கள் கிளையின் திட்ட அறிக்கைகளை நினைத்துப் பார்த்தேன். ஒரு முகாம் முடிந்தால் அன்றிரவே வேலை தொடங்கிவிடும்: புகைப்படம், நாளிதழ் நறுக்கு, ஒலிபெருக்கிக்காரரின் ரசீது, கலந்துகொண்டவர்களின் கையெழுத்துத் தாள் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி, பசை காய்வதற்காக மேசை மேல் விரித்து வைத்து, காலையில் கோப்பில் கோத்து மண்டலத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே புள்ளி போடுவார்கள். புள்ளிக்காகவே திட்டம் போட்ட ஆண்டுகளும் உண்டு. ஒரே மரக்கன்றைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று எடுத்த படங்களை நானே ஒட்டியிருக்கிறேன். ஓ’கானர் பார்த்த குறை கற்பனையன்று.

ஆனாலும் பிரென்னன் பார்த்ததும் உண்மை. எண்ணிக்கைக்கும் விருதுக்கும் ஓடுகிற ஓட்டத்தின் நடுவில்தான் அந்த மெடிக்கல் ஷாப்காரர் பேசக் கற்றார். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த அமைப்பை எடைபோட எனக்கு மனம் வரவில்லை.

ஜனவரி 28

தனியார் சங்கத்தின் உரிமை பற்றி மறுபடியும். அந்தக் கேள்வியை நான் ஒதுக்கிவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். அது வலுவான கேள்வி. அரசு எல்லாச் சங்கங்களுக்குள்ளும் புகுந்து யாரைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினால், அரசுக்குப் பிடிக்காத கருத்துடைய சிறிய சங்கம்தான் முதலில் அழியும். இந்தத் தீர்ப்பு போட்ட கோடு எங்கே ஓடுகிறது என்பதைப் பின்னால் வந்த இரண்டு வழக்குகள் காட்டுகின்றன.

கலிஃபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சிற்றூரின் ரோட்டரி சங்கம் 1977இல் மூன்று பெண்களைச் சேர்த்தது. பன்னாட்டு ரோட்டரி அதன் சாசனத்தைப் பறித்தது. அந்த வழக்கு 1987இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது ஜேசீஸ் வழக்கின் வழியே மீண்டும் பின்பற்றப்பட்டது. அதே ஆண்டு லயன்ஸ் சங்கங்கள் பெண்களுக்குக் கதவைத் திறந்தன. 1989இல் பன்னாட்டு ரோட்டரி தன் விதியிலிருந்த ஆண்கள் மட்டும் என்ற கட்டுப்பாட்டை நீக்கியது. இங்கேயும் தொடங்கியது ஓர் உள்ளூர்ச் சங்கமே என்பதைக் கவனியுங்கள்.

2000ஆம் ஆண்டில் வந்த அமெரிக்கச் சாரணர் வழக்கில் முடிவு மறுபக்கம் போனது. ஒருபால் ஈர்ப்புடையவர் என்பதற்காக உதவிச் சாரண ஆசிரியர் ஒருவரை அமைப்பு நீக்கியது. அவரை வைத்திருக்கும்படி கட்டாயப்படுத்துவது அமைப்பின் கருத்துரிமையைப் பாதிக்கும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்பு சரி என்று நான் நினைக்கவில்லை. நீக்கப்பட்டவர் சிறுவனாக இருந்து சாரணத்தின் உயர்நிலை வரை எட்டியவர். அதே இயக்கம் வளர்த்த பிள்ளை. 2015இல் அமைப்பே அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. ஆயினும் கோடு போடுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த ஐந்துக்கு நான்கு காட்டுகிறது. ஜேசீஸ் வழக்கில் எதிர்த்து எழுத ஒருவர்கூட இல்லாமல் போனதற்குக் காரணம், அங்கே காப்பாற்ற வேண்டிய கொள்கை எது என்று தலைமையகத்தால் கடைசி வரை சொல்ல முடியாததே என்று நான் கருதுகிறேன்.

பிப்ரவரி 4

புகழ்பெற்ற ஜேசீஸ் உறுப்பினர்கள் யார் என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்த பத்துச் சிறந்த இளைஞர்களில் ஜான் எஃப் கென்னடியும் எல்விஸ் பிரெஸ்லியும் உண்டு. அது விருது, அவர்கள் உறுப்பினர்கள் என்று பொருளாகாது. எல்விஸ் 1971 ஜனவரியில் மெம்ஃபிஸ் நகரில் நேரில் வந்து அதைப் பெற்றுக்கொண்டார். உள்ளே இருந்து ஏறி வந்தவருக்குச் சான்று வேண்டுமானால் டாரோ அசோவைச் சொல்லலாம். 1978இல் ஜப்பான் இளையோர் சபையின் தலைவராக இருந்தவர், 2008இல் அந்நாட்டின் பிரதமரானார்.

பிப்ரவரி 11

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார்: பெண் என்பதற்காக விலக்குவது தவறென்றால், நாற்பது வயதானவர் என்பதற்காக விலக்குவது மட்டும் எப்படிச் சரி? நல்ல கேள்வி. நானும் அந்த வயதில் வெளியே வந்தவள்தான். வரும்போது மனம் கனத்தது.

வயது விதி எல்லாருக்கும் ஒருமுறை இடம் தந்துவிட்டுப் பிறகு எழுப்புகிறது. பதினெட்டு முதல் நாற்பது வரை இருபத்திரண்டு ஆண்டுகள். அதற்குள் ஏற வேண்டிய படிகளை ஏறிக்கொள்ளலாம். 1915இல் அந்த இளைஞர்கள் தனியாகக் கூடியதற்கே காரணம், மூத்தவர்கள் நிறைந்த அவைகளில் தங்களுக்கு இடமில்லை என்பதுதான். மூத்தவர்கள் தொடர்ந்து தங்கினால் முதல் நாள் இருந்த நிலைமையே திரும்பும். என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்திருந்தால் எங்கள் கிளையில் யாரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள். ஆகவே அந்த விதி அமைப்பின் நோக்கத்திலிருந்தே பிறக்கிறது. ஆண்கள் மட்டும் என்ற விதிக்கு அப்படி ஒரு காரணத்தை எவராலும் காட்ட முடியவில்லை. நடனக் கழகமாக இருந்த காலத்தில் பெண்கள் இல்லாமல் ஒரு மாலைகூட நடந்திருக்காது. குடிமைச் சங்கமானதும் அவர்கள் வெளியே நிற்க வேண்டியதாயிற்று என்பதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

தங்கையைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று பார்க்கிறேன். சேரட்டும். ஆனால் சந்தா கட்டும் முன் கிளைத் தலைவரைச் சந்தித்து மூன்றைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு எத்தனை திட்டங்களுக்குப் புதிய உறுப்பினர்கள் இயக்குநர்களாக இருந்தார்கள்? நிர்வாகக் குழுவில் பெண்கள் எந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள், கணக்கும் முடிவும் அவர்கள் கையில் உண்டா? அவளுக்கு இந்த ஆண்டு எந்தத் திட்டத்தைத் தருவார்கள்? செப்டம்பர் 9 முதல் 15 வரை ஜேசி வாரம் வரும். அந்த ஏழு நாள்களில் ஒரு நாளின் நிகழ்ச்சியைத் திட்டமிடுவது முதல் கணக்குக் காட்டுவது வரை முழுவதும் தன் பொறுப்பில் விடுவார்களா என்று கேட்கட்டும். விடுவோம் என்று சொல்லும் கிளையில் சேரலாம். வரவேற்புரைக்கும் குத்துவிளக்குக்கும் மட்டும் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தால், பக்கத்து ஊர்க் கிளையையும் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.